பரணில் கிடந்த ராட்டை

ராட்டை என்றதும் காந்தி நினைவுக்கு வருவார். கூடவே, அது ஆதிகாலந்தொட்டு நம் திண்ணைகளில் சுழன்ற பொருள் என்ற எண்ணமும் வரும். உண்மையில் நம் நூல்தான் பழையது. ராட்டை அதற்கு வெகுகாலம் பிந்தியது.

சங்கப் பாடல்களிலேயே நூற்கும் பெண்கள் வருகிறார்கள். துணையில்லாத பெண்ணுக்கு அதுவே பிழைப்பு. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: ‘ஸ்பின்ஸ்டர்’ முதலில் நூற்பவள், பிறகு மணமாகாதவள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில், புத்தகம் உருவாவதைப் பஞ்சு நூலாவதோடு ஒப்பிட்டார். அந்த உவமையில் நூலை முறுக்கும் கதிர் உண்டு, சக்கரம் இல்லை.

வெறுங்கதிரை விரலால் சுண்டிவிட வேண்டும். ஓய்ந்தால் மறுபடி சுண்ட வேண்டும். அதைக் கயிற்றால் ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைத்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கதிர் பல சுற்றுச் சுற்றிவிடும். ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை பஞ்சுத் திரியைப் பின்னுக்கு இழுக்க, முறுக்கேறிய நூல் வந்துகொண்டேயிருக்கும்.

இந்தச் சக்கரத்தைத் தெளிவாகக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று 1237இல் பாக்தாதில் வரையப்பட்டது. இந்தியாவில் கிடைக்கும் பழைய தெளிவான குறிப்பு ஒரு வசை! டெல்லியில் ரசியா சுல்தானா அரசாண்டதைப் பொறுக்காத இசாமி என்ற கவிஞர், பெண்ணுக்கு ஏற்ற வேலை ராட்டை சுற்றுவதே என்று 1350இல் பாரசீகக் காவியமொன்றில் எழுதிவைத்தார். அவர் ராட்டையைச் சொன்ன ‘சர்க்’ என்ற சொல்லும் நம் ‘சக்கர’மும் ஒருதாய்ப் பிள்ளைகள்.

ஐரோப்பாவுக்குப் போனபோதும் ராட்டைக்கு மரியாதை கிடைக்கவில்லை. ஜெர்மனியின் ஷ்பேயர் நகரில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராட்டை நூலை ஊடைக்கு மட்டும் அனுமதித்தார்கள். இழுவிசையைத் தாங்கவேண்டிய பாவுக்குக் கூடாது என்றார்கள். ஆனாலும் வீடுகள் அதை ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் ஓய்ந்து, ஜனவரி 7 அன்று பெண்கள் மீண்டும் நூற்க உட்காருவார்கள். ஆண்கள் குறும்பாக ஆளிநாருக்குத் தீ வைக்க, பெண்கள் அவர்கள் தலையில் தண்ணீரைக் கொட்டுவார்களாம்.

1733இல் ஜான் கே, தறியில் ஊடையை விரைந்து ஓட்டும் விசைநாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். தறிகள் வேகமெடுத்தன, நூல் போதவில்லை. 1764ஐ ஒட்டி நெசவாளர் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் எட்டுக் கதிர்களைச் சுழலவிட்டார். கவிழ்ந்த ராட்டையின் கதிர் நின்றபடி சுழன்றதைப் பார்த்து யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய கூட்டம் அவருடைய இயந்திரங்களை நொறுக்க, அவர் நாட்டிங்ஹாமுக்கு ஓடினார். அடுத்து ஆர்க்ரைட் என்பவரின், நீர்விசையால் ஓடும் நூற்பாலை வந்தது. அந்த நுட்பம் வெளியே போகக் கூடாதென்று பிரிட்டன் சட்டம் போட்டது. 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் வரைபடம் ஏதுமின்றி, எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சுமந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவருடைய சொந்த ஊர் அவரைத் துரோகி என்றது. அமெரிக்கா தன் ஆலைத்தொழிலின் தந்தை என்றது.

ஆலைநூல் இந்தியாவுக்கு வந்து இறங்கியதும் நம் ராட்டைகள் ஓய்ந்தன. காந்தியே தொடக்கத்தில் கைத்தறிக்காக வாதாடியபோது, தறியையோ ராட்டையையோ பார்த்த நினைவில்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அவருக்காகத் தேடி அலைந்த கங்காபென் மஜ்முதார் கடைசியில் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைக் கண்டுபிடித்தார். பல வீடுகளில் ராட்டை இருந்தது, பரண்மேல் வேண்டாத சாமானாக! வயலில் வேலையில்லாத மாதங்களில் உழவர் குடும்பத்துக்கு அதுவே துணை என்று காந்தி கணக்குப் போட்டார். 1929இல் மேலான ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசும் அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பல கதிர் கொண்ட ‘அம்பர் சர்க்கா’வை உருவாக்கினார்.

காங்கிரஸ் கொடியில் இருந்த ராட்டையின் இடத்தில் 1947இல் அசோகச் சக்கரம் அமர்ந்தது. ஆனால் கொடித்துணி கையால் நூற்றதாகவே இருக்க வேண்டும் என்ற விதி தொடர்ந்தது. 2021 டிசம்பரில் அந்த விதியும் தளர்ந்தது. இப்போது இயந்திரத்தில் நெய்த பாலியஸ்டரிலும் தேசியக் கொடி தைக்கலாம்.