முத்திரையும் மண்ணும்

உலகப்படத்தைச் சுவரில் மாட்டி, நாட்டெல்லைகளைக் கோலால் தொட்டுக் காட்டுகிறோம் நாம். கோடு இருக்கிறது, காவல் இருக்கிறதா? மாணவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

மால்டோவாவைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்த 1991இல் விடுதலை பெற்ற சின்னஞ்சிறு நாடு. அதற்கு ஓராண்டு முன்னரே, நீஸ்டர் ஆற்றின் கிழக்குக் கரையில் டிரான்ஸ்நிஸ்ட்ரியா தன்னைத் தனிநாடென அறிவித்துக்கொண்டது. 1992இல் போர் மூண்டு, ஜூலையில் ஓய்ந்தது. ருசியப் படை அங்கேயே தங்கிற்று. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் உறுப்புநாடு ஒன்றுகூட அத்தனிநாட்டை ஏற்கவில்லை. ஆயினும், அப்பகுதி உக்ரைனைத் தொடும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் எல்லையில் மால்டோவாவின் காவலர் காலூன்ற முடியவில்லை!

காவலற்ற இடம் கள்ளக்கடத்தலுக்குக் கொண்டாட்டமன்றோ? உறைந்த கோழியிறைச்சி உக்ரைன் வழியே அப்பகுதிக்கெனச் சென்றது. அங்குள்ளோர் உண்டு தீர்க்கக்கூடியதைவிடப் பன்மடங்கு! சுங்கம் செலுத்தாமல் அது உக்ரைனுக்கே திரும்பிற்று. கோழிக்குச் சிறகு முளைத்தது கொன்ற பிறகுதான் போலும்!

2005 ஜூனில் வோரோனின், யுஷ்செங்கோ எனும் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மடல் விடுத்தனர். நவம்பர் 30ஆம் நாள் எல்லை உதவிக் குழு பிறந்தது. ஒடெசா அதன் தலைமையிடமாயிற்று.

அயலாரை அழைப்பது இறைமையை அடகு வைப்பதாகாதா? ஐயம் நியாயமானதே. ஆனால் அக்குழுவினருக்கு ஆணையிடும் அதிகாரமில்லை. பார்ப்பர், பயிற்றுவிப்பர், அறிவுரை கூறுவர். முத்திரையோ மால்டோவாவினுடையது. அம்முத்திரை இல்லாத டிரான்ஸ்நிஸ்ட்ரியச் சரக்கை 2006 மார்ச் முதல் உக்ரைன் ஏற்க மறுத்தது. "முற்றுகை" எனச் சீறியது மாஸ்கோ. தலைநகர் கிஷினாவில் பதிவு செய்துகொண்டால் ஏற்றுமதி செய்யலாம் என்று வழி திறந்து வைத்திருப்பதா முற்றுகை?

முத்திரை மீண்டது, மண் மீளவில்லை. 2022இல் ருசியா படையெடுத்ததும், டிரான்ஸ்நிஸ்ட்ரியாவை நோக்கிய வாயில்களை உக்ரைன் அடைத்தது. அன்றும் ஆற்றின் கிழக்கே ருசியப் படை நின்றுகொண்டுதானிருந்தது.