பெஸ்ஸி ஸ்மித்துக்குக் கிடைக்காத ராயல்டி

ராக், சோல், ராப் என்று உலகமே கேட்கும் பாட்டுக்கெல்லாம் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைதான். ஆனால் அந்த இசையின் லாபம் யாருக்குப் போனது?

புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1923-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டே லட்சக்கணக்கில் விற்றது. அவருக்குக் கிடைத்ததோ, ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை மட்டும்தான். விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது. 1937-இல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கவே 33 வருடங்கள் ஆயின. 1970-இல் அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின்.

1959-இல் டெட்ராய்ட் நகரில் பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். சுப்ரீம்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள். 1988-இல் அதை விற்றபோது விலை 6.1 கோடி டாலர்!

மோட்டவுனிலும் ராயல்டி வழக்குகள் வந்தன என்பது உண்மை. ஆனாலும் முதலாளி நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்தது பெரிய மாற்றம். பெஸ்ஸியிடம் குரல் இருந்தது, உரிமை இல்லை. இந்த இசையைக் கொண்டாடும்போது அந்தக் கணக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.