சனிக்கிழமைச் சம்பளமும் நித்தியகல்யாணியும்

காதர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கூப்பிடு தூரம். பனியனும் டி-ஷர்ட்டும் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பீஸ் ரேட், அல்லது ஷிஃப்ட் கணக்கு. சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, திங்கட்கிழமை மறுபடி மெஷின். அவர்களுக்கு வாரம்தான் காலண்டர்.

அப்படி ஒரு டெய்லர் வீட்டில் நாலு வயசுப் பையனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு வெளுத்துப் போகிறது. ரத்தத்தைச் சோதித்தால் லுக்கேமியா. ரத்தப் புற்றுநோய். 'இரண்டு முதல் மூன்று வருஷம் வைத்தியம் பார்க்கணும்' என்கிறார் டாக்டர். அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. ஏன் அத்தனை வருஷம்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களை 1947-க்கு அழைத்துப் போக வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லுக்கேமியா வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ செத்துப்போவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிருந்தார். ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாகப் பாய்ந்தது! சரி, இது நோய்க்குத் தீனி என்றால் தீனியை நிறுத்தினால் என்ன?

ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் அவர் கைக்கு வந்தது. அனுப்பியது லெடர்லே ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து 1923-ல் பாஸ்டன் போனவர். ஊர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன், அப்பா முகம் பார்க்காமலே கைக்குழந்தையாக இறந்துபோனான். அந்த மனிதரின் கூடத்திலிருந்துதான் ஊரார் பிள்ளைகளுக்கான மருந்து வந்தது.

ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள். படுத்துக் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் கற்றுக் கொடுத்த பாடம் இது: குணமானது போலத் தெரிவது வேறு, குணமாவது வேறு. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிற அணுக்கள் மறுபடி முளைக்கும். அதனால் ஒரு மருந்து போதாது, ஒரு மாதமும் போதாது.

அடுத்தடுத்து மருந்துகள் சேர்ந்தன. அமினோப்டெரினின் தம்பி மெதோட்ரெக்ஸேட். ஸ்டீராய்டு. 1963-ல் அமெரிக்கா அங்கீகரித்த வின்கிரிஸ்டின். இது எதிலிருந்து எடுக்கப்பட்டது? நித்தியகல்யாணியிலிருந்து! சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டுக்குள் சேர்க்காத அதே செடி. எல்லாவற்றையும் சேர்த்து, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனி சிகிச்சை கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் விடாமல் தொடர்ந்தார் மெம்பிஸ் நகரின் டொனால்ட் பிங்கெல். 1970-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்.

நம் ஊர்?

1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1960-ல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு. 1984-ல் சென்னை, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் 'எம்.சி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. அதற்கு முன் ஐந்தில் ஒரு பிள்ளை பிழைப்பதே அரிது. பிறகு ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் தப்பினார்கள்.

இப்போது டெய்லர் வீட்டுக்குத் திரும்புவோம். நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று வரவுதான் எனக்குத் தோன்றும். அம்மா பையனோடு ஆஸ்பத்திரியில். அவள் சம்பளம் போச்சு. அப்பா ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினவர், பாதி நாள் லீவு. மூத்த பெண் அம்மாயி வீட்டில். ரயிலில் சலுகை உண்டு: ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. 2009-லிருந்து தமிழக அரசின் மருத்துவக் காப்பீடு வேறு இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் குடிக்கிற டீக்கும், அறை வாடகைக்கும், போன சம்பளத்துக்கும் எந்தக் காப்பீடு?

முதல் மாத சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தம் சீராகிவிடும். பையன் சிரிக்கிறான், சோறு கேட்கிறான். அங்கேதான் ஆபத்து. 'அதான் நல்லாயிட்டானுங்களே, இன்னும் எதுக்கு ஊசி?' என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கடன்காரரும் கேட்பார். சில குடும்பங்கள் அங்கேயே நிறுத்திவிடுகின்றன. 1948-ல் ஃபார்பரிடம் வேறு மருந்து இல்லை, அந்தப் பிள்ளைகள் போனார்கள். இன்று மருந்து இருந்தும் பிள்ளையை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? 'பாவம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ரத்தம் கொடுங்கள். மூத்த பிள்ளைக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். ராத்திரி காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போங்கள். கம்பெனி நடத்துகிறவராக இருந்தால் அந்த அப்பாவின் மெஷினைக் காலியாகவே வைத்திருங்கள், திரும்பி வருவார்.

வைத்தியத்தின் கடைசிக் கட்டம் வீட்டிலேயே நடக்கும். தினமும் ஒரு மாத்திரை. கூடவே மெதோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள். காதர்பேட்டைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சம்பளம் வாங்குகிற சனிக்கிழமையை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்குமா என்ன?