மின்னஞ்சல் போக்குவரத்தும் கைவரை வரைபடங்களும்

ஒருவருக்கு வரும் மின்னஞ்சல்களையும் அவர் அனுப்புபவற்றையும் நாள், நேரம், ஆள் என்று பிரித்து எண்ணி, அந்தக் கணக்கைத் தாளில் கையால் வரைந்து பார்ப்பது இக்காலப் பொழுதுபோக்கு போலத் தோன்றலாம். ஆனால் கடிதப் போக்குவரத்தைக் கணக்கு வைக்கும் பழக்கம் மின்னஞ்சலுக்கு நூறாண்டுகளுக்கு மேல் மூத்தது. கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலேயே, அது யாரிடமிருந்து யாருக்கு, எப்போது சென்றது என்பதைக் கொண்டே ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கை அறியலாம் என்பதே இதன் அடிப்படை.

இதற்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் லூயிஸ் கரோல். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய இவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். 1861 ஜனவரி 1 முதல், தமக்கு வந்த கடிதங்களுக்கும் தாம் எழுதியவற்றுக்கும் வரிசை எண் இட்டு, சுருக்கத்துடன் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தார். 1898 ஜனவரியில் அவர் மறைந்தபோது எண் 98,721-ஐ எட்டியிருந்தது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏழுக்கு மேல்! அந்தப் பதிவேடு பின்னர் தொலைந்து போயிற்று. வில்லியம் பிளேஃபேர் 1786-லேயே வாணிகக் கணக்குகளைக் கோட்டு வரைபடங்களாக அச்சிட்டிருந்தார். கரோலின் பதிவேடு கிடைத்திருந்தால் அதையும் அவ்வாறே வரைந்திருக்கலாம்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவை வேறு இருவரின் கடிதங்கள். 2005-இல் ஒலிவேரா, பரபாசி என்னும் ஆய்வாளர்கள் டார்வின், ஐன்ஸ்டைன் ஆகியோரின் கடிதத் தேதிகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினர். டார்வின் அனுப்பியவை குறைந்தது 7,591. ஐன்ஸ்டைன் அனுப்பியவை 14,500-க்கு மேல். இருவரும் தம் பதில்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பத்து நாள்களுக்குள் எழுதிவிட்டனர். சில கடிதங்களோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. மின்னஞ்சலிலும் ஏறக்குறைய இதே வடிவமே காணப்படுகிறது. சரிவின் அளவுதான் வேறு.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒன்பது அஞ்சல்களுக்கு ஒரு மணி நேரத்திலும், பத்தாவதற்கு முப்பது நாள் கழித்தும் ஒருவர் பதில் எழுதினால், சராசரி ஏறக்குறைய மூன்று நாள் என்று வரும். ஆனால் மூன்று நாள் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி மறைப்பதை வரைபடம் காட்டிவிடும்.

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பினார். அதற்குப் பிறகு பதிவேடு எழுதும் வேலையை இயந்திரமே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் அனுப்பியவர், பெறுபவர், நேரம் ஆகியவை தாமாகவே பதிவாகின்றன. அறிவியலாளர் ஸ்டீபன் உல்ஃப்ராம் 1989 முதல் தாம் அனுப்பிய மின்னஞ்சல்களை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லியன், 2012-இல் புள்ளிகளாக வரைந்து வெளியிட்டார். புள்ளிகள் இல்லாத வெற்றுப்பட்டை அவருடைய உறக்கம். ஒரு பெரிய நூலை எழுதிய ஆண்டுகளில் அந்தப் பட்டை நகர்ந்து சென்றதும், 2002-இல் நூல் முடிந்தபின் மாறியதும் அதில் தெரிந்தன. ஒரு வரிகூடப் படிக்காமல் ஒருவர் உறங்கும் நேரம் தெரிந்துவிடுகிறது!

உல்ஃப்ராமின் படம் கணினி வரைந்தது. கைவரைக்குப் பெயர் பெற்றவர்கள் நியூயார்க்கில் இருந்த ஜார்ஜியா லூபி, லண்டனில் இருந்த ஸ்டெபனி பொசாவெக் என்னும் வடிவமைப்பாளர்கள். 2014-இல் தொடங்கி 52 வாரங்கள், வாரம் ஒரு பொருளாகத் தம் அன்றாடச் செயல்களை எண்ணி, அஞ்சலட்டையில் வண்ணக் கோடுகளாக வரைந்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பினர். முன்பக்கம் படம், பின்பக்கம் அதைப் படிக்கும் குறிப்பு.

மின்னஞ்சலுக்கு இதைச் செய்ய ஒரு வரைபடத்தாளே போதும். கிடைமட்ட அச்சில் ஏழு நாள்கள், செங்குத்து அச்சில் 24 மணி. வந்ததற்கு நீலப் புள்ளி, அனுப்பியதற்குச் சிவப்பு. கடை விளம்பரத்தையும் உறவினர் அஞ்சலையும் ஒரே நிறத்தில் இடலாமா என்ற கேள்வி முதல் பத்துப் புள்ளிகளுக்குள் எழுந்துவிடும். கணினி அந்த முடிவை வரைபவருக்குத் தெரியாமலே எடுத்துவிடும். கையில் பேனா இருந்தால் அவரே எடுத்தாக வேண்டும்.

வேறொரு வேறுபாடு இன்னும் முக்கியமானது. 2013-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 'இம்மெர்ஷன்' என்னும் கருவியை வெளியிட்டது. அஞ்சலின் உள்ளடக்கத்தைத் தொடாமல், அனுப்பியவர், பெறுபவர், நகல் பெற்றவர், நேரம் ஆகியவற்றை மட்டும் கொண்டு, யார் யாருடன் நெருக்கம் என்பதை வட்டங்களாகவும் கோடுகளாகவும் அது காட்டியது. அதே ஆண்டில்தான் அமெரிக்க உளவு அமைப்பு தொலைபேசி அழைப்புகளின் இத்தகைய மேல்விவரங்களைத் திரட்டி வந்தது வெளிப்பட்டது. பேச்சைக் கேட்கவில்லை, எண்களையும் நேரத்தையும் மட்டுமே எடுத்தோம் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. உல்ஃப்ராமின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். கையால் வரைந்த தாள் வரைந்தவரின் மேசையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புபவர் அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.