எண்ணுவதற்கு முன் யார் கேட்டு எழுதினார்கள்?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். விரைவுச்சாலைக்காக ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளிய பகுதி அது. அங்கிருந்த கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் தம் தெருவின் மொழியிலேயே பாடினார்கள். அந்த மொழியைக் 'கொச்சை' என்றது படித்த வர்க்கம்.

கொச்சையா அது? கறுப்பின ஆங்கிலத்தில் 'ஹி வொர்கிங்' என்றால் அவன் இப்போது வேலையில் இருக்கிறான். 'ஹி பி வொர்கிங்' என்றால் அவன் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். நடுவில் வரும் 'பி' பொருளையே மாற்றிவிடுகிறது. இது பிழையல்ல, இலக்கணம். 1996 டிசம்பரில் ஓக்லண்ட் பள்ளி வாரியம் இந்த மொழியைத் தன் மாணவர்களின் மொழியாக அங்கீகரித்தபோது ஊடகங்கள் எள்ளி நகையாடின. அது விதிகளுக்கு உட்பட்ட முறையான மொழிதான் என்று அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம் தீர்மானம் போட்டது.

பிறகு கணினி வந்தது. 2014இல் மேட் டேனியல்ஸ் 85 ராப் கலைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களில் எத்தனை தனிச் சொற்கள் உள்ளன என்று எண்ணினார். ஏசாப் ராக் 7,392 சொற்களுடன் முதலிடம் பெற்றார். அதே அளவில் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது 5,170. ராப் பாடகர்களுக்குச் சொல்வளம் இல்லை என்றவர்களின் வாயை அடைத்த கணக்கு இது.

ஆனாலும் நாம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கடைசி இடம் டிஎம்எக்ஸுக்கு. திரும்பத் திரும்ப வரும் சொல்லில்தான் அவர் பாட்டின் வலிமையே இருக்கிறது. கணக்குக்கு அது வறுமையாகத் தெரிகிறது. பொருளை மாற்றும் அந்தப் 'பி'யும் கணக்கில் வெறும் ஒரு சொல்தான். மேலும், கணினி எண்ணியது பாட்டை அல்ல. இணையத்தில் யாரோ கேட்டு எழுதிவைத்த வரிகளை. எழுதியவர் காது தவறினால் கணக்கும் தவறும்.

காது தவறினால் என்ன ஆகும்? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பிலடெல்பியா நீதிமன்றப் பதிவாளர்களிடம் கறுப்பின ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பத்தில் நான்கு வாக்கியங்கள் பிழையாகப் பதிவாகின. சாட்சியம் இப்படிப் பதிவானால் ஒருவருடைய விடுதலையே பறிபோகும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2018இல் சென்னையில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒன்றாகப் பாடியது. நாளை அந்தப் பாட்டுகளும் தரவாகும். மாணவத் தோழர்களே, அவற்றைத் தொகுக்கும்போது வடசென்னைப் பேச்சைப் பாடநூல் தமிழாகத் 'திருத்தி' எழுதாதீர்கள். ஒலிப்பதிவையும் உடன் வையுங்கள். அந்த மொழி பேசுகிறவரிடமே சரிபாருங்கள். எழுதியவர், பாடியவர் பெயரை விடாதீர்கள். நம் மொழியைக் கேட்டு எழுதும் வேலையை நாமே செய்வோம்.