கை கழுவச் சொன்னால் கோபம் வேண்டாம்



டிக்கோயா, நுவரெலியா, பேராதெனிய என்று நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஐ.சி.யூ. வாசலில் தாதி மறித்து, "கையைக் கழுவிட்டு ஒருத்தர் மட்டும் வாங்க" என்றால் சுருக்கென்கிறது. தோட்டத்து ஆட்கள் என்றுதானே இப்படி, என்று நினைக்கிறோம்.

அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, கொலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்த பிறகே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். நோயைக் கொண்டு வருபவன் கூலிக்காரன் என்பதே அன்றைய எண்ணம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் கை கழுவும் விதி பிறந்த கதை வேறு. அது முதலில் டொக்டர்மாருக்குப் போட்ட விதி.

வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிட, டொக்டர்மாரும் மாணவர்களும் பார்த்த பிரிவில்தான் தாய்மார் அதிகமாகக் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847 மே மாதம், குளோரின் கலந்த நீரில் எல்லோரையும் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆனது. பெரிய டொக்டர்மார் பலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு அவரை ஒதுக்கினார்கள்.

பின்னாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நூறுக்கு மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இன்னொரு படி போனார்கள். இரத்தக்குழாயில் டியூப் போடுமுன் கை கழுவுவது முதலான ஐந்து காரியங்களில் ஒன்றை டொக்டர் தவறவிட்டால், தாதி அவரை நிறுத்தலாம். அந்த டியூப்பால் வரும் கிருமித்தொற்று 18 மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்தது. அந்த ஆய்வு 2006இல் வெளியானது.

ஐ.சி.யூ.வில் கிடக்கும் பிள்ளைக்கு மூச்சுக்கு ஒரு டியூப், இரத்தத்துக்கு ஒரு டியூப். கிருமிக்கு அது திறந்த கதவு. டொக்டர் கை, தாதி கை, தாயின் கை என்று கிருமி பார்ப்பதில்லை.

ஒளூ செய்து தொழப் போகிறவர்கள், கால் கழுவிக் கோயிலுக்குள் போகிறவர்கள் நாம். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லையே. காப்பு, மோதிரத்தைக் கழற்றிவைத்து, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுவோம். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் வெளியே நிற்போம். பிள்ளையைத் தொட வருகிறவர் யாராக இருந்தாலும், "கை கழுவினீங்களா சேர்?" என்று மரியாதையாகக் கேட்போம். அந்தக் கேள்விக்கு நமக்கும் உரிமை உண்டு.