எட்டு மணிக்கு மூடிய நைட் கிளப்புகள்

தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்றால் வெளியூர்க்காரர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். ஆட்டம் பாட்டம் எதுவும் அங்கே கிடையாது! மாலையில் அடுப்பைப் பற்றவைத்து நள்ளிரவு வரை ரொட்டி போடும் கடைக்குத்தான் அந்தப் பெயர். மற்ற ஊர்களில் பரோட்டா என்பதை இங்கே ரொட்டி என்பார்கள். பெயரிலேயே இரவை வைத்திருக்கும் இந்தக் கடைகளில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று 2020 ஜூனில் அரசாங்கம் அனுமதி கொடுத்தபோது, கூடவே இன்னொன்றும் சொன்னது. இரவு எட்டு மணியோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க 123 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலேய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிகச் சின்னச் சட்டம், மொத்தம் நான்கே பிரிவுகள். நோயைத் தடுக்க எந்த விதியையும் போடலாம் என்றது ஒரு பிரிவு. மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188-ன்படி தண்டனை என்றது இன்னொன்று. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்றது கடைசிப் பிரிவு. புனேயில் அந்த நல்லெண்ணம் எப்படி இருந்தது என்றால், சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். ராண்ட் போனார், சாபேகர் சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள், சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 2020 மார்ச்சில் தமிழக அரசு கொரோனா விதிகளை வெளியிட்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் துணைக்கு வந்தது.

மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. ஓட்டல்களில் பார்சல் மட்டும். சால்னாவை ஊற்றி ரொட்டியைப் பிய்த்துப் போட்டு இலையில் சாப்பிடுகிற பண்டத்துக்குப் பார்சல் என்பது பாதி உயிர்தான். அதிலும் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தது. சால்னாவை எதில் கட்டிக் கொடுப்பது?

மே 11 முதல் டீக்கடைகள் பார்சலுக்குத் திறந்தன. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே, மே 7 அன்று, சென்னை நீங்கலாக டாஸ்மாக் கடைகள் திறந்துவிட்டன. ஐம்பது வயதுக்கு மேல் காலையில், நாற்பது முதல் ஐம்பது வரை மதியம், நாற்பதுக்குக் கீழ் மாலையில் என்று வயதுவாரியாக நேரம் பிரித்தார்கள். முதல் நாள் விற்பனை சுமார் 170 கோடி ரூபாய். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, 16-ம் தேதி கடைகள் டோக்கனோடு மறுபடி திறந்தன. டீக்கு முன்னால் பிராந்தி! வருமானம் அரசுக்கு வரும் கடைக்காக அரசு உச்சநீதிமன்றம் வரை போனது. ரொட்டிக் கடைக்காரருக்கு அப்படிப் போக யாரும் இல்லை.

துறைமுகம் அத்தியாவசியப் பணி என்பதால் மூடவே இல்லை. ஜூன் 2-ல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும், ஜூன் 7-ல் மாலத்தீவிலிருந்தும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 பேரை வ.உ.சி. துறைமுகத்தில் இறக்கியது. அதற்கு அடுத்த நாள், ஜூன் 8-ல், ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற அனுமதி நடைமுறைக்கு வந்தது. பாதி இருக்கைகள்தான், ஏ.சி. போடக் கூடாது, எட்டு மணி வரைதான்.

ஏ.சி. விதி ரொட்டிக் கடையைத் தொடவில்லை. அங்கே இருப்பது அடுப்பு அனல்தான். மற்ற இரண்டையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இருபது நாற்காலி உள்ள ஒரு கடை மாலை 5 முதல் இரவு 12 வரை ஏழு மணி நேரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 x 7 = 140 நாற்காலி-மணிகள். புதிய விதிப்படி 10 x 3 = 30 தான். அதாவது 21 சதவீதம். இதே இருபது நாற்காலியோடு காலை 6 முதல் இரவு 10 வரை நடக்கும் இட்லி, சாப்பாட்டு ஓட்டலை எடுத்துக்கொண்டால் 320 என்பது 140 ஆகும். சுமார் 44 சதவீதம். அரசாணையில் இருவருக்கும் போட்டிருந்தது ஒரே '50 சதவீதம்'தான்!

வாடகை மட்டும் பாதியாகவில்லை. நிலைச் செலவு என்று வணிகவியல் புத்தகத்தில் படிப்பது இதைத்தான். மைதாவை மதியமே பிசைந்து எண்ணெயில் ஊறவைக்க வேண்டும், மாஸ்டருக்கு அன்றன்று கூலி கொடுக்க வேண்டும். மூன்று மணி நேர வியாபாரத்துக்கும் ஏழு மணி நேர வியாபாரத்துக்கும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றே. முன்னதாகவே கடையைத் திறந்தால் என்ன என்று கேட்கலாம். நாலு மணிக்கு யார் ரொட்டி தின்ன வருவார்கள்? லாரி டிரைவரும் துறைமுகத் தொழிலாளியும் வேலை முடிந்துதான் வருவார்கள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் முழு ஊரடங்கு. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான பனிமய மாதா திருவிழா அந்த ஆண்டு பக்தர்கள் கூட்டம் இல்லாமல் நடந்தது. இந்த ஊரின் இரவுக் கடைகளுக்கு அது எவ்வளவு பெரிய சீசன் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

இருந்தும், ஏன் யாரும் எட்டரை வரை கடையை நீட்டிக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. சாத்தான்குளம்.

2020 ஜூன் 19 அன்று அங்கே செல்போன் கடை நடத்திய பென்னிக்ஸும் தந்தை ஜெயராஜும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்றது காவல்துறை. அப்போதிருந்த 188-வது பிரிவில் இதற்கான தண்டனை ஒரு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மீறல் என்றாலும் ஆறு மாதம் அல்லது 1000 ரூபாய்தான். பென்னிக்ஸ் ஜூன் 22 இரவும், ஜெயராஜ் 23 காலையும் கோவில்பட்டியில் இறந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. பிறகு சி.பி.ஐ. ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

நோயைத் தடுக்க நேரக் கட்டுப்பாடு தேவையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடிகாரத்தைப் பார்க்கும் வேலை சுகாதார ஆய்வாளரிடம் இல்லாமல் லத்தியிடம் போனது. ஏழரை மணிக்கே ஷட்டரை இறக்க நினைக்கும் கடைக்காரரின் பயத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

அக்டோபர் 22 முதல் பத்து மணி வரை அனுமதி வந்தது. டாஸ்மாக் பார்கள் டிசம்பர் 29-ல்தான் திறந்தன. அதுவரை பாட்டிலை வாங்கியவர்கள் எங்கே குடித்தார்கள் என்பதை அரசாணை கேட்கவில்லை. 2021 ஏப்ரல் 26-ல் எல்லாம் மீண்டும் பார்சலுக்குத் திரும்பி, ஜூலை 5-ல் மறுபடி பாதி நாற்காலிக்கு வந்தது. பார்களுக்கு நவம்பர் 1 வரை காத்திருப்பு. 2022 ஜனவரி 6-ல் பத்து மணிக்குத் தொடங்கும் இரவு ஊரடங்கு ஒன்று வந்தது. அது ஜனவரி 28-ல் நீங்கியது. அதன் பிறகு தூத்துக்குடியின் நைட் கிளப்புகளில் பன்னிரண்டு மணிக்குக் கல்லில் ரொட்டி விழுந்தது.